யூகேஜி வகுப்புக்கு வந்த ஸ்கங்க்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யானை வந்தது. இன்னொரு பிள்ளைக்குப் பசுமாடு. என் மகள் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்த சீட்டில் ஸ்கங்க் என்று எழுதியிருந்தது.

அவள் படிக்கிற யூகேஜியில் அப்படி ஒரு வழக்கம். வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்கும். அதில் என்ன பிராணி இருக்கிறதோ, அதைப் பற்றி வகுப்பு முன்னால் நின்று ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பா அம்மா கூட வந்து நிற்கலாம். காட்டுவதற்கு ஏதாவது ஒரு பொருள் கொண்டு வரலாம். எங்கிருந்தோ வந்த ஒரு வெளிநாட்டுப் படஅட்டையைப் பார்த்து மிஸ் சீட்டுகளை எழுதியிருக்கிறார். அந்த அட்டையில் யானைக்கும் பசுவுக்கும் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக இதுவும் நின்றிருக்கிறது. தூத்துக்குடியில் அதற்கு சொந்தபந்தம் யாரும் கிடையாது என்பதை மிஸ் யோசிக்கவில்லை.

சீட்டோடு வீட்டுக்கு வந்தவள் நேராக என்னிடம்தான் கேட்டாள்.

"அப்பா, ஸ்கங்க்னா என்ன?"

எனக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிப்பது. இருபது வருஷமாக வெளியே நின்று எண்ணியே பழகியதில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதைப் பற்றி அரைமணி நேரம் பேச எனக்கு வரும்.

"அது நம்ம அணிலுக்குச் சித்தப்பாம்மா. அமெரிக்காவுல போய் செட்டில் ஆயிட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. "மிஸ் பூனை சைஸுன்னு சொன்னாங்க. நீ பொய் சொல்லுத," என்று சொல்லிவிட்டு சீட்டை என் சட்டைப் பையில் திணித்தாள்.

சிரிக்கிற நேரமும் அது இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் மிஸ் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டுப் பேசியிருந்தார். வீட்டில் குக்கர் விசிலுக்குப் போட்டியாகப் பேசுகிற என் மகள், பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டினால் வாயைத் திறப்பதில்லை. எல்கேஜி ஒரு வருஷம், யூகேஜி ஒரு வருஷம், ஒரு வார்த்தை கிடையாது.

"எழுதுறா, வரையுறா, எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா இவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது," என்றார் மிஸ். "ஒன்னாம் வகுப்புல நின்னு வாசிக்கச் சொல்லுவாங்க. இந்த அஞ்சு வாக்கியத்தச் சொல்லிட்டான்னா மேல அனுப்பிருவேன். இல்லன்னா இன்னொரு வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேலே போய்விடும். அந்தப் பிள்ளையும் இவளும் இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். என் மகள் சொல்ல நினைப்பதை மிஸ்ஸிடம் சொல்வதே அந்தப் பிள்ளைதான். அன்றைக்குத் திரும்பக் கிளம்பும்போது ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு மகள் கேட்டாள்: "அவ மேல போயிட்டா நான் யார் கூட உக்காருவேன்?" எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நான், பட்டனை அமுக்கினால் ஓடுகிற ஸ்கூட்டரில் உதைக்கிற கம்பியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவள் பேசாததற்குக் காரணம் கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி மட்டும் வேறு சொன்னாள். "அவளுக்குத் தப்பாச் சொல்லிருவமோன்னு பயம். முழுசாத் தெரிஞ்சாத்தான் வாயத் தொறப்பா." இந்தக் குணம் என் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்த வாரம் என் மச்சினன் லீவில் வந்திருந்தான். சரக்குக் கப்பலில் மாலுமி. எட்டு மாதம் கடல், மூன்று மாதம் அக்காள் வீட்டுச் சாப்பாடு. மதியம் சாளை மீன் குழம்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தவனிடம் மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்கங்கா? நான் பாத்திருக்கேன்லா," என்றான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் இருபது வருஷமாகக் கப்பலைத்தான் பார்க்கிறேன். வெளியிலிருந்து.

மகள் அவன் மடியில் போய் ஏறிக்கொண்டாள். அவன் சாப்பிட்ட கையைக் காயவிட்டுக்கொண்டே சொன்னான். அமெரிக்காவில் ஒரு துறைமுகம். பொழுது சாய்கிற நேரம். இவன் கப்பல் ஏணிக்குக் கீழே காவல் நிற்கிறான். கண்டெய்னர் வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்கங்க் வருகிறது. கறுப்பு உடம்பு. நெற்றியில் ஆரம்பித்து முதுகு வழியாக வால் வரைக்கும் வெள்ளைக் கோடு. பின்னால் அதே மாதிரி நாலு குட்டி, ஒன்றின் வாலை ஒன்று பார்த்துக்கொண்டு வரிசையாக.

"நம்ம கோயில் சப்பரத்துக்குப் பின்னால பிள்ளைய போவுமே, அந்த மாதிரி. ஒரு அவசரமும் கிடையாது. கண்ணு அவ்வளவாத் தெரியாது அதுக்கு. மூக்காலதான் எல்லாம். அங்கன புல்லத் தோண்டித் தோண்டி புழுவ எடுத்துத் தின்னுது."

"புழு மட்டுமா தின்னும்?" மகள்.

"வண்டு தின்னும், எலி தின்னும், கீழ விழுந்த பழம் தின்னும். குளவிக்கூட்டத் தோண்டி குளவியவே தின்னும்னா பாத்துக்கயேன். அடுத்தவன் தோண்டிட்டு விட்டுட்டுப் போன பொந்துல குடியிருந்துக்கும். வாடகை கிடையாது."

"இங்கயும் ஒரு ஆளு அப்படித்தான்," என்றாள் என் மனைவி என்னைப் பார்க்காமல். மச்சினனின் மூன்று மாதச் சாப்பாட்டைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அந்த யார்டில் ஒரு காவல் நாய். கன்றுக்குட்டி உயரம். அது ஸ்கங்கைப் பார்த்ததும் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. இந்த இடத்தில் மச்சினன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, கூடத்தில் நாலு காலில் நின்றான். ஆறடி ஆள். குளிக்கிற துண்டை இடுப்பில் வாலாகச் செருகிக்கொண்டான்.

"ஸ்கங்க் ஓடல. நின்னுச்சு. முன்னங்கால வச்சு தரையில தட்டுச்சு. தட், தட், தட். 'ஏலே, போயிரு'ன்னு அர்த்தம். நாய் கேக்கல. அப்புறம் உஸ்ஸுன்னுச்சு. நாய் கேக்கல. அப்புறம் வாலத் தூக்குச்சு, நேரா, கொடி மாதிரி. அப்பவும் நாய் கேக்கல. அதுக்கப்புறந்தான் திரும்புச்சு."

"திரும்பி?"

"வாலுக்கு அடியில ரெண்டு பை வச்சிருக்கு. அதுலருந்து பீச்சுச்சு பாரு, நாய் மூஞ்சிக்கே. குறி தப்பாது. அவ்வளவு பெரிய நாய் சரள் கல்லுல விழுந்து பொரண்டு அழுவுது. ஸ்கங்க் திரும்பிக்கூடப் பாக்கல. குட்டியளக் கூட்டிட்டுப் போயிட்டு."

மகள் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு, "மூணு தடவ சொல்லுச்சா?" என்றாள்.

"மூணு தடவ. ஏன்னா அந்தப் பையில கொஞ்சந்தான் இருக்கும். அஞ்சாறு தடவைக்கு மேல வராது. தீந்துபோச்சுன்னா திரும்ப ஊற ஒரு வாரத்துக்கு மேல ஆவும். அதனால சும்மா அடிக்காது. வேற வழியே இல்லன்னாத்தான்."

பிறகு நானும் அதைப் பற்றி நிறையப் படித்து அவளுக்குச் சொன்னேன், படம் ஓட்டிக் காட்டினேன். ஆனால் அன்றைக்கு மதியம் கூடத்தில் துண்டு வாலோடு என் மச்சினன் சொன்னதுதான் மனதில் நின்றது. இவ்வளவு பெரிய ஆயுதத்தை வாலுக்கடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நிதானமாக நடக்கிற ஒரு பிராணி. கையில் ஒரு விசில் கொடுத்தாலே நான் துறைமுகம் முழுக்க ஊதிக்கொண்டு திரிகிறவன்.

அன்று முதல் மகள் ஸ்கங்காகவே வாழ்ந்தாள். பால் வேண்டாம் என்றால் காலைத் தட்டுவாள். தலை சீவ வந்தால் உஸ். ஐந்து வாக்கியம் என்ன, ஐம்பது சொன்னாள். வீட்டில். என் மனைவி ஒரு கறுப்பு ஃபிராக்கில், மாதாகோயிலில் புதுநன்மை வாங்கின சொந்தக்காரப் பிள்ளைக்கு உடுப்பு தைத்ததில் மிஞ்சிய வெள்ளை லேஸை முதுகு நெடுகத் தைத்தாள். உடுப்பு ரெடி, வாக்கியம் ரெடி. பாக்கி, காட்டுவதற்கு ஒரு பொருள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் மனைவி அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

நாற்றத்தைக் காட்டாமல் ஸ்கங்கைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது என் வாதம். எரிந்த ரப்பர், அழுகின பூண்டு, கேஸ் லீக், மூன்றும் சேர்ந்தது என்றான் மச்சினன். மூன்றையும் யூகேஜிக்குக் கொண்டு போக முடியாது. அதனால் சந்தையில் போய் நல்ல முற்றின திருக்கைக் கருவாடாகப் பார்த்து வாங்கி வந்தேன். வெளியூர்க்காரன் எவனாவது முகர்ந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான். மகள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"எப்படி இருக்கு?"

அவள் கண்ணை மூடி ஆழமாக இழுத்தாள். "பசிக்குதுப்பா."

பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு நீட்டினேன். அது, "மாமா, எங்க வீட்லயும் இன்னைக்கு இதுதானா?" என்று சந்தோஷமாக ஓடிப்போய்விட்டது.

அப்போதுதான் எங்கள் ஊரின் பிரச்சினை எனக்குப் புரிந்தது. நெத்திலி காய்கிற முற்றம், உப்பளச் சேறு, படகு டீசல், வலை ஊறுகிற தொட்டி என்று எதை எடுத்தாலும் அது யாரோ ஒருவர் வீட்டுச் சோறு. இங்கே வளர்கிற பிள்ளைக்கு எதைக் காட்டி நாற்றம் என்று சொல்வது? கருவாட்டை என் மனைவி வாங்கிக்கொண்டு போய் வறுத்துவிட்டாள்.

பிறகுதான் சங்கு ஞாபகம் வந்தது. கடலில் முங்கி உயிரோடு எடுத்து வருகிற சங்கை அப்படியே விற்க முடியாது. உள்ளே சதை ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழுகிக் கழன்று வருகிற வரைக்கும் சில நாள் போட்டு வைப்பார்கள். முத்துச் சலாபம் என்று முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியையும் இப்படித்தான் கரையில் குவித்து அழுகவிட்டு முத்தைப் பொறுக்குவார்களாம். முத்து மாலை போட்டுக்கொள்கிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

கடற்கரையில் சங்கு போட்டு வைத்திருக்கிற கொட்டகைக்குப் போனேன். தெரிந்த ஆள்தான் அங்கே இருந்தான்.

"என்ன அண்ணாச்சி, வீட்ல வைக்கதுக்கா?"

"இல்லடே. நல்லா நாறுததா ஒண்ணு பாத்துக் குடு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எல்லாரும் நாறாததாத்தான கேப்பாவ?"

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல காட்டணும்."

"எந்தப் பள்ளிக்கூடம்? எம்பிள்ளைய அங்கன சேத்துராம இருக்கணும்," என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்து ஒன்றைக் கம்பியால் தள்ளிக் கொண்டு வந்தான். ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, அதை மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டினேன். மூன்று நாள் மாடியில் வெயிலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது என் மனைவி டின்னைப் பார்த்தாள். மூடி லேசாக உப்பியிருந்தது.

"பிள்ளையப் பேச வைக்கச் சொன்னா, நீங்க ஊரத் தொரத்தப் பாக்குதிய."

"அஞ்சாவது வாக்கியம் முடிஞ்ச பிறகு, வெளிய கொண்டு போயி, ஒரு நூலிழை தொறந்து காட்டிட்டு மூடிருவேன்," என்றேன். திட்டம் அதுதான். நான் போட்டதில் நல்ல திட்டங்களில் அதுவும் ஒன்று.

வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பிள்ளை யானையைப் பற்றிக் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தது. என் மகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையை ஆட்டியது. அடுத்து எங்கள் முறை. மகள் கறுப்பு ஃபிராக்கில், வெள்ளை லேஸில், முன்னால் போய் நின்றாள். நாங்கள் இரண்டு பக்கமும்.

அவள் தரையைப் பார்த்தாள். வாய் திறந்தது. மூடியது.

"சொல்லும்மா," என்றார் மிஸ் மெதுவாக.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளை பென்சில் டப்பாவைக் கீழே போட்டது. என் மகளின் காது சிவந்துகொண்டே வந்தது. மிஸ் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ஆனால் நாலு பேர் பேசாமல் நின்றால் நடுவில் புகுந்து எதையாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சடைக்கும். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், துக்க வீட்டிலும் அப்படித்தான்.

"பிள்ளைகளா, ஸ்கங்க் எப்படி நாறும் தெரியுமா?" என்று பைகளை அவிழ்த்து டின்னை வெளியே எடுத்தேன்.

"வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க," என்றாள் மனைவி.

மூடியை நான் திறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். விரலை வைத்தேன், அதுவே திறந்துகொண்டது. டப்பென்று ஒரு சத்தம். மூடி கரும்பலகையில் போய் மோதியது.

பிறகு வந்ததை என்னவென்று சொல்வது? கடலையே சாகவிட்டு மூன்று நாள் வெயிலில் போட்ட மாதிரி இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன் வரிசை அப்படியே பின் வரிசைமேல் சாய்ந்தது. "ஐயே!" என்று ஒரே கூச்சல். ஒரு பிள்ளை அழுதது, மிஸ் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார். நான் டின்னை மூட மூடியைத் தேடினேன். அது எங்கே போனதென்று தெரியவில்லை. கையாலேயே மூடினேன். அது பெரிய தப்பு.

அதற்குள் பின்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை ஆரம்பித்தது. "ஸ்கங்க் சீ! ஸ்கங்க் நாத்தம்!" உடனே பத்துப் பதினைந்து குரல். "ஸ்கங்க் சீ! ஸ்கங்க் சீ!" கறுப்பு ஃபிராக் போட்டு நடுவில் நிற்கிறவளைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இனி இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டாள், ஒன்னாம் வகுப்பு போயிற்று, கெடுத்தது நான்தான் என்று நினைத்தேன். 

அவள் வலது காலைத் தரையில் தட்டினாள்.

"ஸ்கங்க் ஒண்ணும் அப்படி இல்ல!"

மிஸ் ஜன்னலை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஸ்கங்க் நல்லது! அது முதல்ல காலத் தட்டும். போயிருன்னு சொல்லும். அப்புறம் உஸ்ஸுன்னும். அப்புறம் வாலத் தூக்கும். மூணு தடவ சொல்லும். மூணு தடவ சொல்லியும் கேக்கலைன்னாத்தான் அடிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் விரலை நீட்டினாள். "எங்கப்பா ஒரு தடவகூடச் சொல்லல. சும்மா இருந்த பிள்ளைய மேல அடிச்சிட்டாரு. ஸ்கங்க் அப்படிச் செய்யாது!"

வகுப்பு அடங்கிவிட்டது. அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அழுகின சங்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். எல்லாம் உண்மைதானே.

"சரி, எல்லாரும் வெளிய வாங்க," என்றார் மிஸ். "நீயும் வாம்மா. மிச்சத்த மரத்தடியில சொல்லு."

பிள்ளைகள் வாதாமரத்தடிக்கு ஓடின. என் மகள் நடந்து போனாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

உள்ளே நானும் மனைவியும் மட்டும். பள்ளிக்கூடத்து ஆயா ஒரு வாளித் தண்ணீரும் பினாயிலும் கொண்டு வந்து வாசலோடு வைத்துவிட்டுப் போனார். சங்கைக் காம்பவுண்டுக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, பேண்டைச் சுருட்டிக்கொண்டு தரையைத் தேய்க்க ஆரம்பித்தேன். மனைவி கரும்பலகையைத் துடைத்தாள்.  ஜன்னல் வழியாக மகளின் குரல் வந்துகொண்டிருந்தது. வீட்டுக் குரல் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் கேட்டது.

குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காதாம். ஆனால் அப்போதே உடம்பில் கோடு தெரியுமாம். குளிர் வந்தால் பொந்துக்குள் எல்லாம் ஒட்டிப் படுத்துத் தூங்குமாம். அதில் ஒரு வகை, அடிப்பதற்கு முன்னால் முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தலைகீழாக நிற்குமாம். மரத்தடியில் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. யாரோ தலைகீழாக நின்று பார்த்திருக்க வேண்டும்.

"பிள்ள பேசுததக் கேட்டியா," என்றேன்.  என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையின் அதே இடத்தை மறுபடி மறுபடி துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் ஜன்னலுக்கு வந்தார். மூக்கில் இன்னும் தலைப்பு.

"ஒன்னாம் வகுப்புக்கு எழுதிக் குடுத்துடறேன் சார். ரெண்டு பேரையும் ஒரே செக்‌ஷன்ல போடச் சொல்லுறேன்."

"ரொம்ப நன்றி மிஸ்."

"அடுத்த வருஷம் காட்டுறதுக்குப் பொருள் வேணும்னா அவங்கம்மாவே கொண்டு வரட்டும்."

"நான் பாத்துக்கிடுதேன் மிஸ்," என்றாள் என் மனைவி, எனக்கு முந்தி.

மரத்தடியில் யாரோ கேட்டார்கள், "ஸ்கங்க் மரத்துல ஏறுமா?"

நான் தேய்ப்பதை நிறுத்தினேன். மனைவியும் நிறுத்தினாள். இதை அவள் மாமா சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் படிக்கவில்லை. என் மகளுக்குத் தெரியாத ஒரு கேள்வி, இருபது பிள்ளைகள் முன்னால்.

"தெரியாது," என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. "வால் பெருசுல்லா, அதனால ஏறாதா இருக்கும்," என்றது ஒரு குரல். "பூனைக்கும் வால் இருக்கு, அது ஏறுதுல்லா?" என்றாள் என் மகள். "எங்க பூனை ஏறும், எறங்கத் தெரியாது," என்றது இன்னொன்று. பேச்சு அவர்களுக்குள் எங்கேயோ போனது. அதில் அவள் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க நான் ஜன்னல் கம்பியில் காதை வைத்துக்கொண்டேன்.

இண்டர்வெல் ஆகிவிட்டது. ஆயா தண்டவாளத் துண்டில் மணியடிக்கச் சுத்தியலோடு வந்தார். மரத்தடியிலிருந்து மிஸ் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்க என்று காட்டினார். ஆயா சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.